கத்திக் கீறல் இல்லாத தட்டு

சகாயமேரி அம்மா சுவருக்கு முன்னால் நின்று, தட்டுக்குக் கீழே நான் ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைப் பொம்மிடி வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் முகத்தை அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தார். எங்கள் புதுமனை புகுவிழா அன்று. கூடத்தில் ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை. அதற்கு அடியில் புதுச் சுவரின் பெயின்ட் வாசம்.

“மூணு தலமொறையா... பொக்கிஷமா பாதுகாக்கப்பட்டது. இதுவரை யாரும்... இதில் சாப்பிட்டதில்லை.”

படித்து முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரும் சாப்புடலையா கண்ணு? நான் சாப்பிட்டிருக்கறனே.”

நான் சிரித்தேன். அது வேறு தட்டாக இருக்கும் என்றேன். இது இங்கிலாந்தில் செய்தது, நம் மாவட்டத்தில் இதுபோல் இன்னொன்று இருப்பதே சந்தேகம் என்றும் விளக்கினேன். அது அவர் பக்கத்துக்கான வாதம் என்பது சொல்லும்போது எனக்கு உறைக்கவில்லை.

“வேற இல்ல. இதேதான். அந்த நீலப் பூவுல ஒண்ணுக்கு நடுப்புள்ளி இல்ல பாரு. எலைக்குப் பக்கத்துல.”

அந்தச் சுவரில் இருந்த இருபத்துமூன்று தட்டுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தவள் நான். அந்தப் பூவைக் கவனித்ததில்லை. இப்போது பார்த்தேன். எல்லா நீலப் பூக்களுக்கும் நடுவில் மஞ்சள் புள்ளி இருந்தது. ஒன்றுக்கு இல்லை.

பின்னால் டம்ளர்கள் உரசிக்கொண்டன. என் அம்மா பாயசம் எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். சகாயமேரி அம்மா திரும்பி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்க மேட்டு வூட்டுப் பாப்பாங்களா?”

அம்மா ஒரு டம்ளரை எடுத்தாள். பாயசத்தை நீட்டினாள். சகாயமேரி அம்மாவின் மகள் ஜெனி, என் பதினொரு வருடத் தோழி, எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியாக அந்த அட்டையைப் பார்த்தாள்.

இந்தத் தொடரைத் தட்டு எண் வரிசையில் எழுதி வருகிறேன். போன வாரம் பதினாறு, சேலத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்த ஊதாப்பூத் தட்டு. இந்த வாரம் பதினேழு. இதை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்ணைத் தாண்டுவது எனக்கு வராது.

ஒன்பது கட்டங்கள்

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுப் பிரிவில் வேலை. இரும்பு உருளை ஒரு தலைமுடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தடித்திருந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. வாரக் கடைசியில் நல்லம்பள்ளியில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவேன். வீட்டில் பூப்போட்ட பழைய ஆங்கிலேயத் தட்டுகளைச் சேர்க்கிறேன்.

ஏன் தட்டு என்று கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை. வாரம் முழுவதும் சாம்பல் நிற இரும்பைப் பார்க்கிற கண்ணுக்கு ரோஜா தேவைப்பட்டிருக்கலாம். பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்று, கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் நான்கு, இப்படிச் சேர்ந்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் கணினியில் ஒன்பது கட்டங்கள். எண், கிடைத்த இடம், குறுக்களவு, எடை, பூக்கள், பின்பக்க முத்திரை, விளிம்புத் தங்கம், விரிசல், பயன்பாட்டின் தடயம். நகத்தால் சுண்டினால் நல்ல தட்டு ணங்கென்று ஒலித்து அந்த ஒலி கொஞ்ச நேரம் நிற்கும். விரிசல் விட்டது டொக்கென்று அடங்கிவிடும். எட்டாம் கட்டத்தை நிரப்ப அந்த ஒரு சுண்டல் போதும்.

ஒன்பதாம் கட்டத்துக்கு விளக்கு வேண்டும். தட்டைச் சாய்த்துப் பிடித்தால், நடுவில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். யாரோ, எங்கோ, கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிட்ட அடையாளம். வெளிநாட்டில் தட்டு சேர்ப்பவர்கள் இணையத்தில் எழுதுவதெல்லாம் இதைத்தான். கீறல் இருந்தால் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கீறல் இல்லையென்றால் அலமாரியில் அழகுக்கு இருந்தது.

என் மற்ற இருபத்திரண்டு தட்டுகளிலும் கீறல் உண்டு. பதினேழாம் எண்ணில் ஒன்றுகூட இல்லை. பரிசோதனை மேசையில் மூன்று விளக்கு மாற்றிப் பார்த்தேன். குளத்து நீர் மாதிரி இருந்தது அதன் நடுப்பகுதி.

மாட்டுக்கொட்டாய்க் கூரை

பொம்மிடியிலிருந்து உள்ளே போனால் என் தாய்மாமாவின் ஊர். அம்மா பிறந்து வளர்ந்த வீடு, ஊரில் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. ஒரு மாங்காய்ப் பருவத்தில் போயிருந்தபோது மாட்டுக்கொட்டாயின் ஓட்டைப் பிரித்துத் தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூரையில் நின்றவர் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் கைவிட்டு எதையோ எடுத்துக் கீழே நீட்டினார். இற்றுப்போன கோணிச்சாக்கில் சுற்றியிருந்தது. தொட்டதும் சாக்கு உதிர்ந்தது. கரியும் சிலந்திக்கூடுமாக ஒரு தட்டு.

கிணற்றடியில் கழுவினேன். இளஞ்சிவப்பு ரோஜா மூன்று வந்தது. பிறகு சுற்றிலும் நீலச் சிறுபூக்கள். பிறகு தங்க விளிம்பு.  இதுவரை சேர்த்ததில் இதற்கு ஈடு எதுவுமில்லை என்று ஈரத்தோடே தெரிந்துவிட்டது.

“அதா?” என்றார் மாமா. “எங்கப்பாரு ஏற்காட்டுல எஸ்டேட் தொர பங்களா காலி பண்ணப்ப கொண்டாந்தது. கூடயில வைக்கோல் போட்டு ஆறு தட்டு. நம்ம வூட்ல ஒருத்தரும் அதுல தின்னதில்ல.”

“ஏன் மாமா?”

“மாட்டெலும்புல செய்யறதுன்னு பங்களா சமையக்காரரு சொல்லிட்டாராம். ஆத்தா அத வூட்டுக்குள்ளயே வுடல.”

சமையல்காரர் சொன்னது சரி. ‘போன் சைனா’ என்கிற உயர்ந்த ரகப் பீங்கானில் பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல்தான். அந்த வெண்மையும் ஒலியும் அதிலிருந்து வருவது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். இங்கிலாந்தில் எதனால் அது உயர்ந்ததோ, அதனாலேயே எங்கள் மாமா வீட்டில் அது வாசற்படி தாண்டவில்லை.

“மத்த அஞ்சு?”

“ஒடஞ்சு போச்சு.”

யார் கையில், எப்போது, எப்படி என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் வராத தட்டு வெளியே என்ன செய்துகொண்டிருந்தது என்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “இத எதுக்கு எடுத்தாந்த?” பிறகு அவளே வாங்கிப்போய்ப் புளி போட்டு இரண்டு முறை கழுவித் துடைத்துக் கொடுத்தாள். பிறந்த வீட்டுப் பொருள் என்ற பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. தனித்தனியான இரண்டு சான்றுகள் ஒரே முடிவைச் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம். கீறல் இல்லை. யாரும் சாப்பிட்டதில்லை என்று மாமா சொல்கிறார். கூடவே கோணிச்சாக்கில் பத்திரமாகச் சுற்றி வேறு இருந்தது. கையெழுத்துப் போட்டேன். புது வீட்டுச் சுவரில் மாட்டி, கீழே அந்த அட்டையை ஒட்டினேன்.

எங்கள் ஊரில் கையால் சாப்பிடுகிறோம். கை கீறாது. இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வேளையும் நானே கையால் சாப்பிட்டுக்கொண்டு, கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கட்டம் இல்லாதது

ஜெனியைச் சேலத்தில் பாலிடெக்னிக் விடுதியில் முதல் நாள் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வாளி. பிறகு ஓசூரில் ஒரே தொழிற்சாலை, அவள் வரைபடப் பிரிவு, ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட். என் மாமா ஊர் பொம்மிடிப் பக்கம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். எங்கம்மா பொறந்ததும் அந்தப் பக்கந்தான் என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று பந்தியில் சகாயமேரி அம்மா நன்றாகச் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஜெனி பாதியில் இலையை மூடிவிட்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அவள் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

“யாரும்னு எழுதியிருக்கறயே, அந்த யாரும்ல எங்கம்மா இல்லயா?”

“எனக்குத் தெரியாது ஜெனி.”

“அப்ப தெரியாதுன்னு எழுதியிருக்கலாம்ல. ஒன்பது கட்டம் போட்டியே, அதுக்கு ஒண்ணு போட எடமில்லையா?”

அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸில் அவள் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கேன்டீனில் வேறு மேசை. எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள், தெரியாதவர்களுக்கு விடுவது போல. முதல் வாரம் கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம், இனி இப்படியே இருந்துவிடுவோம் என்ற பயம் வந்தது.

அம்மாவிடம் விழா அன்றைக்கே கேட்டுவிட்டேன். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

“நீ ஆசையா மாட்டுன.” அவ்வளவுதான். எழுந்து போய்ப் பந்தலில் மிச்சமான வாழைப்பழங்களைச் சீப்புச் சீப்பாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அட்டையைக் கிழித்தேன். தட்டு பெயரில்லாமல் தொங்கியது. புது அட்டைக்கு மூன்று வாசகங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அளவும் பூவும் மட்டும் இருந்தன, அது ஒளிந்துகொள்வது. இரண்டாவதில் மன்னிப்பு இருந்தது, அதைத் தட்டுக்குக் கீழே ஒட்டி வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டுவது அசிங்கம். மூன்றாவது பாதியில் நின்றது.

பொம்மிடி பஸ்

மூன்றாம் ஞாயிறு தட்டைக் கழற்றி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொடுத்துவிடுவது என்று முடிவு. வேகத்தடைக்கு ஒருமுறை துண்டைத் தொட்டுப் பார்த்தேன். கொடுக்கப்போகிற பொருளுக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று, விஷயம் தெரிந்திருந்தால், பக்கத்து சீட் அம்மாள் கேட்டிருப்பார்.

சகாயமேரி அம்மாவின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். கூட்ஸ் வண்டி போனால் ஷோகேஸில் இருக்கும் தட்டுகள் கடகடவென்று ஆடும். ஜெனி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி துவைத்தாள், கொஞ்சம் பலமாக.

துண்டைப் பிரித்துத் தட்டை நீட்டினேன். இது உங்களுடையதும்மா என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

சகாயமேரி அம்மா வாங்கிப் பார்த்து, நடுப்புள்ளி இல்லாத பூவைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“எனக்கெதுக்கு கண்ணு? எங்கிட்ட டின்னர் செட்டு கெடக்குது, முப்பது உருப்படி. இத சூடு பண்ற மிஷின்ல வெக்கலாமா?”

“தங்க விளிம்பு இருக்கறதால வெக்கக் கூடாதும்மா.”

“பாத்தியா. அப்பறம் என்னாத்துக்கு ஆவும்?”

பின்கட்டில் துவைக்கும் சத்தம் கொஞ்சம் தடுமாறித் தொடர்ந்தது.

“தட்டு வேண்டாம். அந்த அட்டதான் வேணும். எம் பேரப் போட்டு எழுது. நான் சொல்றேன்.”

பையில் பேனாவும் குறிப்பேடும் எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

“சகாயமேரி, அந்தோணி மக. போட்டியா? சனிக்கெழமையானா அம்மாகூட மேட்டு வூட்டுக் கடலக்காட்டுக்குக் கள எடுக்கப் போவேன். பன்னெண்டு வயசு. மத்தியானம் கொட்டாய்க்கு வெளிய சாப்பாடு. களியும் கொள்ளுக் கொழம்பும். போடு.”

எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். “இத்தட்டில் தொழிலாளர்களுக்குக் களியும் கொள்ளுக் குழம்பும் வழங்கப்பட்டன.”

“வழங்கப்பட்டனவா?” பின்கட்டிலிருந்து ஜெனியின் குரல். மூன்று வாரத்தில் முதல் வார்த்தை. “அன்னதானமா போட்டாங்க? வேல செஞ்சாங்க. சாப்பிட்டாங்க. அப்படி எழுது.”

அடித்துவிட்டு எழுதினேன்.

“அப்பறம் பொக்கிஷமா பாதுகாத்தாங்கன்னு போட்டிருந்தியே, அது யாரு?” என்றார் சகாயமேரி அம்மா.

“மாமா வீட்லன்னு நெனச்சேம்மா. சாக்கு சுத்தி இருந்துது.”

“அவங்க எங்க பாதுகாத்தாங்க. தின்னுட்டு நாங்களே கழுவி ஓட்டுக்கடியில சொருவிட்டுப் போவோணும். ஆளுக்கு ஒண்ணு. மத்தவங்களுது ஒண்ணொண்ணா வுழுந்து ஒடஞ்சுது. என்னுத நான் சாக்குல சுத்தி உள்ள தள்ளி வெச்சிருவேன். மத்த காட்டுல எல்லாம் செரட்டதான், இல்லாட்டி அலுமினியக் கிண்ணி. இங்கதான் பூவு. களியத் தின்னுத் தின்னு, ரோசாப்பூ எப்படா தெரியும்னு பாப்பேன். வூட்டுக்குள்ள வுட மாட்டாங்கன்னு கோவம் இருக்கும். பூவு புடிக்கும். ரெண்டயும் போடு.”

ரெண்டையும் போட்டேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை தானே ஒருமுறை படித்தார். தலையை ஆட்டினார். இட்லி வைத்தார். சாப்பிட்டேன். கிளம்பும்போது ஜெனி கை ஈரத்தைத் துடைத்தபடி வாசல்வரை வந்தாள்.  தட்டைச் சுற்றிய துண்டின் முடிச்சு தளர்ந்திருந்ததை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது வரி

வீட்டுக்கு வந்ததும் அட்டையை நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். கொஞ்சம் பெரிய அட்டையாகத் தேவைப்பட்டது. மற்ற இருபத்திரண்டோடு வரிசை ஒத்துப்போகவில்லை. பரவாயில்லை என்று விட்டேன். இதை நான் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னோடு வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று படித்தாள். மெதுவாகப் படித்தாள். முடித்ததும் சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஏதோ கிளறும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ரெண்டாவது வரி தப்பு.”

மறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அட்டையைக் கழற்றச் சொன்னால் என்ன சொல்வது என்று மனதுக்குள் தேட ஆரம்பித்தேன்.

“கொள்ளு இல்ல. கள எடுக்கற நாள்ல காஞ்ச அவரக்கொட்டக் கொழம்புதான். கொள்ளு மாட்டுக்கு வேணும்னு ஆத்தா தொடவுடாது.” முந்தானையை இழுத்துச் சொருகினாள். “எனக்குத் தெரியும். ஊத்துனது நாந்தான்.”

அம்மாவுக்கு அப்போது பத்து வயது இருந்திருக்கும். நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் சொன்னவரிடம் திரும்பக் கேட்க வேண்டும். சகாயமேரி அம்மாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

“அவரக்கொட்டயா?” என்றார். யோசித்தார். “ஆமா, ஆமா. கொள்ளு வேற காட்டுல. இங்க அவரதான். யாரு சொன்னது?”

“அம்மா.”

அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தது.

“அந்தப் பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். கொறயா ஊத்தாது, அது நெஜம். ஆனா ஒசரத்துல இருந்து ஊத்தும். கரண்டி தட்டுல பட்டுடக் கூடாதில்ல. மேலெல்லாம் தெறிக்கும், சுடச்சுட.”

அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“நாந்தாங்க. வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. ஜெனியயும் கூட்டியாங்க. அவரக்கொட்ட போட்டுக் கொழம்பு வெக்கறேன்.”

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்துவிடவில்லை.

“வர்றேன்,” என்றார் சகாயமேரி அம்மா. “ஆனா கிட்ட நின்னு ஊத்துங்க. பொடவ புதுசு.”

அவருக்குப் பின்னால் ஜெனி சிரிப்பது கேட்டது. போனில் தெரியாது என்பதை மறந்து, அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.